கால் வரைந்த தாள்

எங்கள் ஊரில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க இரண்டு வழி உண்டு. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போவது ஒன்று. மற்றது, கொப்பித் தாளொன்றை நிலத்தில் விரித்துப் பிள்ளையை அதன்மேல் நிற்கவைத்து, பேனையை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போட்டு, அந்தத் தாளை மடித்து வெளிநாட்டுக்கு அனுப்புவது. சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் வாப்பாமார் இருக்கும் வீடுகளில் இரண்டாவது வழிதான் அதிகம். இப்போது வட்ஸ்அப்பில் இலக்கத்தைச் சொல்லிவிடலாம். ஆனாலும் தாள்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. என் ராத்தாவின் காலும் என் காலும் ஒரு காலத்தில் ரியாத்துக்குப் போய் வந்தவைதான்.

2025 ஏப்ரல் மாதம் நான் கட்டாருக்குப் போனபோது என் கைப்பையிலும் அப்படியொரு தாள் இருந்தது. அது போய்ச் சேர வேண்டியது ஒரு வாப்பாவிடம் அல்ல, ஓர் உம்மாவிடம். அந்த உம்மா, தரம் ஒன்பதில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த டீச்சர்.

டீச்சரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மேல் வகுப்பு மாணவிகளுக்கு இரண்டு பந்தி வாசித்ததும் ஆள் யாரென்று விளங்கிவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை. மகளிடமும் அனுமதி கேட்டேன். “சப்பாத்தைப் பத்தி எழுதலாம், நான் அழுத கதையை எழுதக் கூடாது” என்றாள். ஆகவே அதை எழுதவில்லை.

சொல்வதெழுதல் தரம் ஐந்தோடு முடிய வேண்டிய விடயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். டீச்சர் அதைத் தரம் ஒன்பதிலும் வைத்தார். ஒவ்வொரு நாளும் பாடவேளை தொடங்கும்போது பத்துச் சொற்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, ல, ள, ழ மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. வாய் செய்வதைக் கையும் செய்தால் பரீட்சையில் என்ன ஆகும் என்பது டீச்சரின் கவலை. பரவை என்றால் கடல், பறவை என்றால் பறப்பது. அரம் இரும்பை அராவும், அறம் மனிதரை. “கூறை கட்டினால் கல்யாணம், கூரை கட்டினால் வீடு. நம்மட ஊரில் இரண்டும் ஒன்றாத்தான் வரும், அதுக்காக ஒரே எழுத்தைப் போட்டிராதீங்க” என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நம் ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட வேண்டும் என்பது அந்த வயதிலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒற்று விட்டால் டீச்சர் விடமாட்டார். ‘வெள்ளை சப்பாத்து’ என்று எழுதினால் நடுவில் ஒரு சிவப்பு ‘ச்’ விழும். நாற்பது கொப்பியிலும் விழும். திருத்தாத கொப்பி என்று ஒன்று அவர் மேசையில் இருந்ததில்லை. வகுப்பறையின் மூலையில் கதவு ஒன்று கழன்ற பழைய அலுமாரி இருந்தது. அதைத் துடைத்து, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களை அடுக்கி, இரவல் கொப்பியும் வைத்து எங்களுக்கு ஒரு நூலகம் ஆக்கித் தந்ததும் அவர்தான்.

அந்த வருடம் 2022. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன வருடம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. பெற்றோல் இல்லாததால் ஜூன், ஜூலையில் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்தவர்களுக்குக் கஷ்டம் அதற்கும் முந்தியே தொடங்கியிருந்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. தடை அந்த வருடக் கடைசியில் நீங்கியது, ஆனால் அந்தப் பெரும்போகத்து விளைச்சல் திரும்பி வரவில்லை. டீச்சரின் கணவர் குத்தகைக்கு வயல் எடுத்துச் செய்தவர். கடன், அடகு வைத்த நகை, சுவர் மட்டத்தோடு நின்றுபோன வீடு. இதெல்லாம் பிறகு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வகுப்பில் ஒரு நாளும் அவர் முகத்தில் அதை நாங்கள் பார்க்கவில்லை.

2022 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்றது அது. நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டது, வீடுகளுக்கும் தேவைப்பட்டது. 2023 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் வழமைபோல் பத்துச் சொல் சொன்னார், கொப்பிகளைச் சேர்த்தார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. மேசையில் நாற்பது கொப்பியும் திருத்தப்பட்டு அடுக்கி இருந்தன. “டீச்சர் கட்டாருக்குப் போயிட்டாங்களாம்” என்று யாரோ சொன்னபோது, “உலகக்கிண்ணம் முடிஞ்சி ரெண்டு மாசமாச்சே, இப்ப ஏன் போறாங்க?” என்று இன்னொருத்தி கேட்டாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த இரண்டு தவணைக்கு எங்களுக்கு நிரந்தரமாகத் தமிழ் ஆசிரியர் கிடைக்கவில்லை. வரலாறு படிப்பிக்கும் டீச்சர் வருவார், சில நாள் விஞ்ஞான டீச்சர் வருவார், பல நாள் யாரும் வரமாட்டார்கள். நாங்களே ஒருவர் மாறி ஒருவர் பாடத்தை வாசித்துக்கொண்டோம். தரம் பத்து முழுவதும் எனக்கு டீச்சர்மேல் ஒரு கோபம் இருந்தது. சொல்லிவிட்டாவது போயிருக்கலாம் என்ற கோபம்.

ஊரின் பேச்சு வேறு விதமாக இருந்தது. வாப்பா போனால் “உழைக்கப் போயிருக்கிறார்” என்பார்கள். உம்மா போனால் “பிள்ளையை விட்டுட்டுப் போயிட்டா” என்பார்கள். இரண்டு வாக்கியத்திலும் போகிறவர் ஒரே விமானத்தில்தான் போகிறார். என் கோபம் இந்தப் பேச்சோடு சேர்ந்ததல்ல. அது வகுப்பறைக் கோபம், நாற்பது பிள்ளைகளின் கோபம்.

நான் கட்டார் போனதற்குக் காரணம் ராத்தா. மச்சான் தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பனியில் பொறியியலாளர். நோன்புப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்பு ராத்தாவுக்கு ஆண்பிள்ளை கிடைத்தது. உம்மா துணைக்குப் போக வேண்டியிருந்தது. நோன்பு பிடித்துக்கொண்டே சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த என்னை வீட்டில் தனியே விட முடியாதென்று உம்மா சொன்னதால் எனக்கும் டிக்கட் வந்தது. டீச்சரின் இலக்கத்தை அவருடைய வீட்டில் வாங்கிச் செய்தி அனுப்பினேன். பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது: “இருபத்து மூன்றாம் இலக்கம்தானே?” வரவுப் பதிவேட்டில் என் இலக்கம் அது. என் பெயரை அதற்குப் பிறகுதான் எழுதியிருந்தார்.

டீச்சரின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. மகள் இப்போது தரம் ஐந்து, புலமைப்பரிசில் வகுப்பு. டீச்சர் போகும்போது அவளுக்கு வயது ஏழு. இருப்பது உம்மம்மாவோடு. வாப்பா காலையில் வயலுக்குப் போய் மாலையில் வருவார். புறப்படுவதற்கு முதல்நாள் பொதி வாங்கப் போனேன். மாசித்தூள், வறுத்த அரிசிமா, கொச்சிக்காய்த்தூள் என்று உம்மம்மா ஒவ்வொன்றையும் மூன்று பையில் சுற்றி வைத்திருந்தார். கருவாட்டையும் வைக்கப் பார்த்தார். விமானத்தில் மணக்கும் என்று என் உம்மா கெஞ்சிக் கூத்தாடி அதை எடுத்துவிட்டார்.

மகள் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, “ராத்தா, காலை வரைஞ்சி தாங்க” என்றாள். கல்முனையில் சப்பாத்துக் கடை இல்லையா? வரிசையாக இருக்கிறது. வாப்பா இரண்டு முறை கூட்டிப் போகக் கூப்பிட்டிருக்கிறார். இவள் போகவில்லை. பழைய சப்பாத்தின் முன்பக்கம் விரலுக்கு இடமில்லாமல் பிதுங்கியிருந்தது. நான் குந்தியிருந்து அவள் காலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, உம்மம்மா குசினிக்குள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“உம்மா கோல் எடுத்தா நான் கதைக்கிறல்ல ராத்தா. கதைச்சி முடிஞ்சா உம்மம்மா அழுவா. நிறைய நேரம் அழுவா. அதான் படிக்கிறன் என்டு சொல்லுற.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரல் வளைவில் பேனை கொஞ்சம் வழுக்கிவிட்டது. அந்தத் தாளின் அடியில் அவள் தன் கையால் உம்மாவுக்கு இரண்டு வரி எழுதி மடித்துத் தந்தாள்.

தோஹாவில் முதல் பத்து நாளும் ராத்தாவின் வீட்டுக்குள்ளேயே போயின. குழந்தையும் பால்போத்தலும் உம்மாவின் பத்தியச் சமையலும். டீச்சருக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் விடுமுறை. எங்கே சந்திப்பது என்று கேட்டபோது, “தேசிய நூலகத்துக்கு வாங்க, அங்க உள்ளே போகக் காசில்லை, குளிராகவும் இருக்கும்” என்றார். அவர் இருக்கும் அறையில் நான்கு பேர், விருந்தாளியை அங்கே கூப்பிட முடியாது.

ராத்தா வீடு மன்சூராவில். அங்கிருந்து மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறினால் இடையில் மாறாமலே நூலகத்துக்குப் போகலாம். ஒரு முறை போக 2 ரியால். அந்த ரயிலுக்குச் சாரதி கிடையாது. முன்பெட்டியில் நின்றால் சுரங்கம் நேரே நம்மை நோக்கி வருவது தெரியும். மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நூலக வாசலில் விட்டுவிட்டு, தான் தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

ரெம் கூல்ஹாஸ் என்ற ஒல்லாந்துக் கட்டடக் கலைஞர் வரைந்து, 2018இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. உள்ளே அறைகளாகப் பிரிக்காமல் ஒரே மண்டபமாக விட்டிருக்கிறார்கள். நாம் நடுவில் நுழைகிறோம். சுற்றிவரப் புத்தகத் தட்டுகள் வயல் வரம்புகள்போலப் படிப்படியாக ஏறிப் போகின்றன. பத்து இலட்சத்துக்கு மேல் புத்தகங்கள் இருக்கின்றனவாம். மண்டபத்தின் நடுவே தரையை ஆழமாக வெட்டி, பழைய கையெழுத்துப் பிரதிகளையும் வரைபடங்களையும் கீழே வைத்திருக்கிறார்கள். மேலிருந்து எட்டிப் பார்த்தால் மண்ணுக்குள் புதைந்த பட்டணத்தைத் தோண்டி எடுத்ததுபோலத் தெரியும். கதவு கழன்ற எங்கள் அலுமாரி நினைவு வந்தது. அதுவும் நூலகம்தான், நாற்பது பேருக்கு.

டீச்சரை நான்தான் முதலில் கண்டேன். அந்தப் பள்ளத்தின் கைப்பிடிக் கம்பியருகே நின்றார். மெலிந்திருந்தார். வகுப்பில் எப்போதும் சாரி, இங்கே கறுப்பு அபாயாவும் ரப்பர் அடிச் சப்பாத்தும். ஸலாம் சொன்னேன். பதில் சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “என்னை விட உயர்ந்துட்டீங்களே மகள்” என்றார். பிறகு எங்கள் வகுப்பை இலக்க வரிசையில் விசாரிக்கத் தொடங்கினார். ஒன்றாம் இலக்கம் என்ன செய்கிறாள், நான்காம் இலக்கம் இன்னும் கண்ணாடி போடாமல் முன்வாங்கில் இருக்கிறாளா, பதினேழாம் இலக்கத்துக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேனே, மெய்யா? வரவு எடுத்து முடியக் கால் மணித்தியாலம் ஆனது.

டீச்சர் வேலை செய்வது ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகள். பால் கொடுப்பது, உடுப்பு மாற்றுவது, நித்திரையாக்குவது. அறைத் தோழிகள் இரண்டு பேர் கேரளா, ஒருவர் பிலிப்பீன்ஸ். “ஒரு நாளைக்கு நான் தமிழ் கதைக்கிறது அரை மணித்தியாலம், அதுவும் போன்ல. குழந்தையள் அழுதா மட்டும் தாலாட்டு தமிழ்லதான் வருது. அதுகளும் அதுக்குத்தான் உறங்குதுகள்” என்று சிரித்தார். அங்கே அவரை யாரும் டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் நிமிர்ந்ததை நான் கவனித்தேன்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போக நிலையத்தால் டிக்கட் காசு கொடுப்பார்கள். அந்த முறை பெப்ரவரியில் வந்திருக்கிறது. அந்தக் காசை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். கூரைக்கு மரம் இறக்கியாயிற்று, ஓடு மட்டும் பாக்கி.

கேட்பதா விடுவதா என்று தயங்கிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

“ஏன் டீச்சர் எங்கக்கிட்டச் சொல்லாமப் போனீங்க?”

அவர் கீழே தெரிந்த கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தபடி இருந்தார்.

“விடுமுறைக்கு அனுமதி வந்தது புதன்கிழமை. டிக்கட் சனிக்கிழமை. வெள்ளி கடைசிப் பாடவேளை உங்கட வகுப்பு. உங்கட முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினா நான் அழுவன், நீங்களும் அழுவீங்க. கொப்பி திருத்தாமப் போகவும் மனமில்லை. ரெண்டில ஒண்டைத்தான் செய்ய நேரம் இருந்தது. திருத்தினன்.”

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. உண்மையைச் சொன்னால் இன்றும் போதவில்லை. நாற்பது பேரும் அழுதிருந்தால் என்ன? ஆனால் அந்தக் கொப்பி என்னிடம் இன்னும் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஓர் ஒற்றுக்கூடத் தப்பவில்லை. கூடவே பக்கத்தின் அடியில், வழமையாகப் போடும் ‘பார்த்தேன்’ என்பதற்குப் பதிலாக ‘நன்று’ என்று எழுதியிருந்தார். எல்லாருடைய கொப்பியிலும் அப்படியே இருந்ததைத் திங்கட்கிழமையே நாங்கள் பார்த்தோம். பத்துக்கு நான்கு எடுத்தவளுக்கும் ‘நன்று’.

பிறகு தாளைக் கொடுத்தேன். டீச்சர் அதை விரித்து மடியில் வைத்தார். தன் உள்ளங்கையை எடுத்து அந்தக் கால் வடிவத்தின்மேல் வைத்தார். குதியிலிருந்து பெருவிரல் வரைக்கும் அவருடைய கை போதவில்லை. கையை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தார். “போகக்குள்ள என்ட கைக்குள்ள அடங்கின கால்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை.

அடியில் இருந்த இரண்டு வரியை வாசித்தார். அதை இங்கே எழுத மகள் அனுமதித்திருக்கிறாள்: “உம்மா எனக்கு வெல்லை சப்பாத்து வேனும். நீங்க வாங்கின சப்பாத்துதான் வேனும்.”

டீச்சரின் கை கைப்பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் சிவப்புப் பேனை இருந்தது. குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் வேலையில் சிவப்புப் பேனை எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூடியைக் கழற்றி, ‘வெல்லை’யின் மேலே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பேனை தாளுக்கு மேலே நின்றது. பிறகு மூடியைப் போட்டு உள்ளே வைத்துவிட்டு, “இதைத் திருத்தினா இது கொப்பியாகிடும்” என்றார்.

அப்போதுதான் கேட்டார், “மகள் ஏன் என்னோட கதைக்கிறல்ல? மறந்துட்டாளா? நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, சொல்லுங்க.”

சொன்னால் உம்மம்மா அழுவது தெரிந்துவிடும். மகளின் அழுகையைக் கேட்டால் டீச்சர் அங்கே எப்படி வேலை செய்வார்? சொல்லாவிட்டால், மறந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் இருப்பார். சின்னவள் குரலைத் தாழ்த்திச் சொன்ன ரகசியம் வேறு. ஆனாலும் அவள் அதை என்னிடம் சொன்னது, நான் யாரிடம் போகிறேன் என்று தெரிந்துகொண்டுதானே? சொன்னேன். அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, வகுப்பில் கணக்குத் தவறின சிறுமியிடம் கேட்பதுபோல, “நான் கோல் எடுக்கிற நேரம் அங்க எத்தனை மணி?” என்று கேட்டார். அவருக்குத் தெரியாததல்ல. கட்டார் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். வேலை முடித்துச் சமைத்துவிட்டு அவர் எடுப்பது அங்கே இரவு ஏழு மணி. இங்கே ஒன்பதரை. மகள் தூக்கத்தில் இருப்பாள், உம்மம்மா நாள் முழுக்க வேலை செய்து ஓய்ந்து போயிருப்பார். இரவு நேரத்தில் யாருக்குத்தான் அழுகை வராது?

“காலையில எடுத்தா?” என்றேன் நான்.

“சுபஹு தொழுதிட்டு நான் சும்மாதான் இருப்பன். நாலு மணி, நாலேகால்.” விரலில் எண்ணினார். “அங்க ஆறரை. பாடசாலைக்கு வெளிக்கிடுற நேரம். அந்த நேரத்தில என்ன கதைக்கிற?”

கேட்டவர் அவர்தான். பதிலும் அவருடைய முகத்திலேயே வந்ததை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது நஜ்மாவில் ஒரு கடைக்குப் போனோம். டீச்சர் தாளை நான்காக மடிக்காமல் உருட்டிப் பிடித்திருந்தார். கடையில் நின்ற நேபாளத்துப் பையன் தாளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்துத் தந்தான். கோட்டைச் சுற்றி வெட்டி, அந்தக் காகிதக் காலைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் தாள் கொண்டுவருவார்களாம், முடிச்சுப் போட்ட நூல் கொண்டுவருவோரும் உண்டாம். டீச்சர் வெட்டும்போது அந்த இரண்டு வரியும் தனியே கழன்று விழுந்தன. குனிந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். 34ஆம் இலக்கத்தில் காகிதம் சரியாக நின்றது. 35ஐ வாங்கினார். 65 ரியால், எங்கள் காசில் 5,000 ரூபாய்க்கு மேல். பையன் விலை குறைக்க மாட்டேன் என்றான். இரண்டு சோடி காலுறை சும்மா வைத்துத் தந்தான்.

மே மாதம் நாங்கள் ஊருக்கு வந்தோம். சப்பாத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் போட்டு நடந்து பார்த்தாள். ஒரு பெருவிரல் அளவு பெரிது. “வளர்ற காலுக்குத்தானே” என்று உம்மம்மா சொல்லிப் பஞ்சை உருட்டி முன்னால் வைத்துக் கொடுத்தார். அன்றைக்கு நடந்த மற்றதை எழுத எனக்கு அனுமதியில்லை.

ஜூலையில் எங்கள் பெறுபேறு வந்தது. தமிழில் ‘ஏ’ என்ற செய்தியை நான் அனுப்பிய நேரம் அங்கே வேலை நேரம். இரவுதான் பதில் வந்தது. ‘நன்று’ என்று மட்டும் இருந்தது.

இப்போது நான் உயர் தரத்தில் கலைப் பிரிவு. காலையில் பஸ் எடுக்கப் போகும் வழியில் டீச்சரின் வீடு. சில நாள் வேலிக்கு வெளியே கொஞ்சம் நிற்பேன். உள்ளே மகள் வெள்ளைச் சப்பாத்தோடு திண்ணையில் உட்கார்ந்து, மடியில் கொப்பியை வைத்திருப்பாள். போன் ஒரு போத்தலில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். உம்மம்மா பின்னால் நின்று அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவருக்கு அழ நேரமில்லை, ஒரு பக்கம் பின்னி முடிந்தால் மற்றப் பக்கம் இருக்கிறது.

போன கிழமை நான் நின்றபோது ஒன்பதாவது சொல் போய்க்கொண்டிருந்தது. கட்டாரில் விடியாத இருட்டிலிருந்து டீச்சரின் குரல் வகுப்பில் கேட்ட அதே நிதானத்தோடு வந்தது.

“கூரை.”

மகள் பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள், “கல்யாணக் கூறையா உம்மா, வீட்டுக் கூரையா?”

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “வீட்டுக் கூரை மகள்” என்று கேட்டது. சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது. பத்தாவது சொல் என்னவென்று எனக்குத் தெரியாது.